உப்பைக் கீழே வை

அண்ணன் ராம்கி தன் மகளின் காதுகுத்துக்கு என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தான். வீட்டுக்கு வந்து அழைக்கவில்லை. "போன்ல கூப்புட்டா போறதுக்கு நான் என்ன தெருவுல போறவளா?" என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் கேட்டேன். போகவில்லை. அத்தோடு எங்கள் பேச்சும் நின்றது.

இப்போது என் மகள் இனியாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் குத்தினால் ஊர் சிரிக்கும். ஊர் கிடக்கட்டும், எனக்கே மனசு கேட்காது. ஆனால் இறங்கிப் போக வீம்பு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி உப்பளத்தைக் காட்டலாம் என்று காரை எடுத்தார்.

இறங்கியதுமே கண் கூசியது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. சின்ன வயதில் அப்பா எங்களைக் கூட்டிவந்தபோதும் இப்படித்தான் கண் கூசியது. அன்றைக்கு ராம்கி பாத்தி ஓரத்தில் ஒரு கல் உப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அம்மா அவன் கையில் பட்டென்று போட்டாள். "உப்பக் கையில குடுத்தா சண்டை வரும்டா. கீழ வையி, அவ எடுத்துக்கிடுவா." அவன் அழுதான். அவன் அழுகிறானே என்று நானும் அழுதேன். மதுரை வரும்வரை ஒரே துண்டில் இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டோம். அந்த ராம்கி எனக்கு வேண்டும்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால், என் மகன் கவின் தங்கையின் கையில் உப்பு வைக்கப் போகிறான்.

"கீழ வைடா" என்று கத்தினேன். அம்மாவின் குரல் அப்படியே வந்தது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ராம்கிக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தான். எனக்குப் பின்னால் தெரிந்த வெள்ளையையே பார்த்தான்.

"உப்பளமா?"

"ஆமாண்ணே. இனியாவுக்குக் காது குத்தணும். நீதான் மடியில வச்சுக்கிடணும்."

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, "போன்ல கூப்புட்டா வர்றதுக்கு நான் என்ன தெருவுல போறவனா?" என்றான்.

யாரோ ஒரு புண்ணியவான் நான் சொன்னதை எழுத்துக் குறையாமல் சேர்த்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திரும்பும் வழியில் வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு மதுரை அவனியாபுரத்தில் அவன் வீட்டு முன்னால் இறங்கினேன். உப்பளத்தில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி அள்ளித் தந்த உப்புப் பையும் கையில் இருந்தது. ராம்கி வாசலுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினான்.

நான் பையைப் படியில் வைத்தேன்.

"கீழருந்து எடுத்துக்கண்ணே. இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பு இல்ல."