தொழுகைக் கோட்டில் வைத்த தொலைநோக்கி

அந்தித் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்குக்குள் வெள்ளிக் கோளைத் தொலைநோக்கியில் காட்டிவிடுவதாக அமானி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"காட்டாட்டி இந்தக் குழாய்க்கு மேல நெத்தலி காயப் போடுவன்" என்றாள் மைத்துனியான ஜுனைதா மச்சி.

சவர்க்காரக் கட்டியளவு கம்பியூட்டரில் அமானி ஏற்றியிருந்த லினக்ஸ் நிரல் மோட்டாரை முறுக்கியது. மொட்டைமாடியில் தொலைநோக்கி கம்பீரமாகத் திரும்பித் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தது.

"மாஷா அல்லாஹ், டேங்கில ஓட்டை இல்ல!" என்றாள் ஜுனைதா.

அமானிக்கு அழுகை முட்டியது. மேற்குப் பார்த்து வைத்துத் தொடங்கச் சொல்லித்தான் நிரல் கேட்டது. அவளும் மாடியில் தொழுகைக்காக மக்காவை நோக்கிக் கீறியிருந்த கிப்லாக் கோட்டின் நேரே வைத்தாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதுதான் மேற்கு.

அந்தக் கோட்டையே பார்த்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு பீறிட்டது. "மச்சி, கிப்லா நேர் மேற்கில்ல! வடக்குப் பக்கம் இருபத்திநாலு பாகை சரிஞ்சிரிக்கி!"

அந்தக் கணக்கைக் கம்பியூட்டரில் தட்டிவிட்டாள். மோட்டார் முனகித் திரும்பியது. வெறுங்கண்ணுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாத வெளிச்ச வானத்தில், கண்ணாடிக்குள் மட்டும் வெள்ளி வந்து நின்றது, நிலாவைப் போலவே குட்டிப் பிறையாக.

ஜுனைதா குனிந்து பார்க்கவும் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்தது.

"புள்ள, பிறை கண்டாச்சி! நாளைக்குப் பெருநாளா?"

ஜுனைதா குதித்த குதியில் தொலைநோக்கி மறுபடியும் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தது.