கடைசி அரவை

மாராயி மறுபடியும் காட்டுப்பக்கம் போய்விட்டுத் திரும்பியபோது, சின்னமுத்து வாசலில் ராகி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் "வயித்தால போறது இன்னும் நிக்கலியா கண்ணு?" என்று கேட்பான். இப்போது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கென்று புருஷன்மார் ஒரு முகம் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச காலமாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சேலத்து டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இந்த உடம்புக்குக் கோதுமை ஆகாது, ரவை, மைதா எதுவும் ஒரு சிட்டிகைகூடக் கூடாது, ஆயுசுக்கும் அப்படித்தான் என்றார். நோவுக்கு ஏதோ பெயரும் சொன்னார். அது மலையேறும் பஸ்ஸிலேயே மறந்துபோனது. கோதுமையே விளையாத மலையில் கோதுமையால் ஒரு நோவா என்று அரியூர் நாட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சின்னமுத்து சிரிக்கவில்லை. அன்றோடு ரேஷன் கோதுமை வாங்குவதை நிறுத்தினான். களி, சாமைச் சோறு, குச்சிக்கிழங்கு என்று வீடு மாறியது. ஆனாலும் அவளுக்கு வாய்ப்புண் ஆறவில்லை, வயிற்று உப்புசம் வற்றவில்லை. தண்ணீர்க் குடத்தோடு மேடேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். போன ஆடியில் வயிற்றில் தங்கிய கருவும் நிலைக்காமல் போனது. "சுத்தமா நிறுத்தியிருந்தா இந்நேரம் சரியாகியிருக்கணுமே" என்று டாக்டர் அவளைத்தான் பார்த்தார். சின்னமுத்துவும் அவளைத்தான் பார்த்தான்.

அதற்கேற்றாற்போல அவன் தம்பி பெண்டாட்டி பாப்பாத்தி, செம்மேட்டுச் சந்தையில் பரோட்டாக் கடை வாசலில் அக்கா நின்றதைப் பார்த்தேன் என்று வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டாள். பொய்யில்லை, நின்றாள். வாசனைக்காக நின்றாள். வாசனை பிடித்தால் குடல் கெடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

"இன்னைக்கு மில்லுக்கு நீயும் வா" என்றான் சின்னமுத்து. துணைக்கு இல்லை, கண்பார்வையில் வைத்திருக்கத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் அவளே கேட்டாள். "நாந் திருட்டுத்தனமாத் திங்கறேன்னு நெனைக்கறீங்களா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"சொல்லிப்போட்டாத் தேவலைங்க."

அவன் மூட்டையைக் காலிடுக்கில் இழுத்து வைத்துக்கொண்டான். "பின்ன எப்படித்தான் வருது, நீயே சொல்லு. இந்தத் தடவையும் நிக்கலீன்னா உங்க ஊட்டுல கொஞ்ச நாளு இருந்துட்டு வா. அங்கியாச்சும் தேறுதான்னு பாப்போம்."

அப்படிக் கொஞ்ச நாளுக்கென்று அனுப்பப்பட்ட எந்தப் பெண்ணும் திரும்பி வந்து மாராயி பார்த்ததில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

செம்மேட்டு மாவு மில்லில் கூட்டம். ரேஷனில் கோதுமை போட்டிருந்தார்கள். சின்னமுத்து தன் மூட்டையைச் சுவரோரம் தனியாக வைத்து, மேலே துண்டை விரித்து, காவலுக்கு முன்னால் நின்றான். அவர்கள் முறை வந்ததும் மில்காரர் சின்னுசாமி கை நீட்டினார்.

"எங்குளுது கடைசிலீங்க. கோதுமை பூராம் போவட்டும்."

சின்னுசாமி மாராயியைப் பார்த்துச் சிரித்தார். "எப்பவும் இதே கதைதாம்மா. ஒரு கோதுமை மூட்ட பாக்கி இருந்தாலும் இவரு மூட்டைய அவுக்க மாட்டாரு. பசியோட நிப்பாரு. உம்மேல அத்தன அக்கறை."

சின்னமுத்துவின் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது. அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பஸ்ஸில் பட்ட வலியெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் தணிந்தது.

கடைசிக் கோதுமைக்காரி மாவு விழும் துணிக்குழாயை உதறிவிட்டுப் போனாள். சின்னுசாமி மிசினை நிறுத்தாமலே ராகியைக் கொட்டினார். சின்னமுத்து குழாய் வாயில் பையைப் பிடித்தான். புதிதாக யாராவது கோதுமையோடு வந்துவிடப் போகிறார்களே என்று அவன் கண் வாசலிலேயே இருந்தது. மாராயி பையைப் பார்த்தாள்.

முதலில் வெள்ளையாக விழுந்தது. அவள் தன்னையறியாமல் கையை நீட்டி ஒரு பிடி ஏந்தினாள். அப்புறம் சாம்பலாக வந்தது. அதற்கப்புறம்தான் ராகி நிறம்.

கோதுமையெல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, கல்லிலும் குழாயிலும் அது விட்டுப்போனதை முழுக்க இவன் அவளுக்காக வாங்கி வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும். ஆடிக்கு முன்னாலும். இதைச் சொன்னால் அவள் மேலிருந்த பழி இறங்கிவிடும். இறங்கி யார் தலையில் போய் உட்காரும் என்பதும் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை, அழுகைதான் வந்தது.

"ஏனுங்க" என்றாள். மிசின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

அவன் அவள் கையைப் பார்த்தான். மிசினைப் பார்த்தான். வாசலில் தலைச்சுமையோடு போய்க்கொண்டிருந்த கோதுமைக்காரியைப் பார்த்தான்.

மிசின் நின்றதும் பையோடு தரையில் உட்கார்ந்தான். வெள்ளை அடியில் கிடந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்பதுபோல இரண்டு கையையும் முழங்கைவரை மாவுக்குள் விட்டுத் தோண்டினான். தோண்டத் தோண்ட மேல்மாவு சரிந்து கலந்தது.

"கொதிக்கற மாவுங்க, ஆறட்டும்" என்றார் சின்னுசாமி.

சின்னமுத்து கையை வெளியே எடுக்கவில்லை.