கௌக்கோ என்றால்

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பிள்ளைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. கடல் கடந்த மிச்சம் நகரில் தன் வீட்டு அடுக்களையில், கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு, மன்னாரில் இருக்கும் தாயிடம் கிளறிற்றா கேட்டாள், தம்பியின் பெயரையே வைக்கட்டுமா என்று.

தம்பி டெனுசன் சண்டை முடிந்த நாட்களில் இராணுவத்தின் பஸ் ஒன்றில் ஏற்றப்பட்டவன். பிறகு அவனைக் கண்டவர் இல்லை. தாய் லூர்தம்மா அவனுடைய படத்தை மடியில் வைத்தபடி, அவனைத் தேடித்தரக் கேட்டு, தெருவோரப் போராட்டக் கூடாரங்களில் வருடக்கணக்காய் இருந்தவள்.

“அவன்ர பேரை வேற ஒருத்தருக்குக் குடுக்க ஏலாது, பிள்ளை. அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவன்?”

செத்தவர்களின் பெயரைத்தான் அவர்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு வைப்பது. கேட்கும்போது கிளறிற்றாவுக்கு அது உறைக்கவில்லை. உறைத்துத்தான் கேட்டாளோ என்னவோ.

அவளுடைய கணவன் மிக்கோ பின்லாந்துக்காரன். தன் தாத்தாவின் பெயரான கௌக்கோவைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். யாரோ இருமுவதுபோல இருக்கிறதென்று சிரித்துத் தள்ளிவிட்டாளே தவிர, பெயருக்குக் கருத்து என்னவென்று கேட்கவில்லை. தாயோடு பேசிய அன்று பின்னேரம் கேட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே அவன் சொன்னான். கௌக்கோ என்றால் தூரம். பழைய நாட்டார் பாடல்களில் வரும் ஊர்சுற்றி ஒருவனுக்குத் ‘தூரத்தில் மனம் வைத்தவன்’ என்று பட்டப்பெயராம். அதன் முன்பாதிதான் ஆட்களின் பெயராகத் தங்கிவிட்டது. தாத்தா பிறந்தபோது அவருடைய தகப்பன் கப்பலில் எங்கோ போயிருந்தார். அதனால் வீட்டுப் பெண்கள் அந்தப் பெயரை வைத்தார்கள்.

தகப்பன் திரும்பி வந்தாரா என்று கேட்டாள். மிக்கோவுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அதை யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. துவாயால் பிள்ளையின் தலையைத் துடைத்தான்.

மறுநாள் தாயை அழைத்துப் பெயரைச் சொன்னாள்.

“கருத்து என்ன?”

“தூரம், அம்மா.”

லூர்தம்மா திட்டுவாள் என்றுதான் நினைத்தாள்.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னாள். லூர்தம்மா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதலில் நாக்கு இடறியது. பிறகு சரியாக வந்தது. அடுத்த தடவை அவள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, மகனைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற குரலில் அந்தப் பெயரைச் சொன்னாள். வெளியே ஒடுங்கிய ஒழுங்கைப் பாதை வெயிலில் கிடந்தது. மதிலோரம் நின்ற கழுதை ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.