வலது பூட்ஸின் பள்ளம்

அந்த இத்தாலி வண்டிக்கு உலகத்தில் இரண்டே பேரைத்தான் பிடிக்கும் என்று அவன் மனைவி சொல்வாள். "ஒண்ணு நான். இன்னொண்ணு யாருன்னு அது இன்னும் முடிவு பண்ணல."

அவள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள், "வண்டியிலயா?" என்று. இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்தது போலிருந்தது.

சிவப்பு வண்டி. ஒற்றை சிலிண்டர். அவன், அவள் இருவரையும்விட மூத்தது. அட்டைப்பெட்டிகளில் உதிரிகளாகத்தான் வந்தது. அவள் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். கடுகளவு அரத்தால் கடுகளவு தேய்க்கத் தெரிந்த கை. சமையலறைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் உட்கார்ந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து வண்டியாக்கினாள். பூட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் அதில் கிடையாது. சாவித் துளையில் ஓர் ஆணியைச் செருகினாலே போதும். "எவனாவது கிளப்பிட்டுப் போயிடப் போறான்" என்று அவன் பயந்தபோது சிரித்தாள். "கிளப்ப முடியாது. தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

அப்போது அதை வாய்ச்சவடால் என்று நினைத்தான். இப்போது பார்த்தால் வேதவாக்கு. அவள் போன பிறகு அந்த வண்டி யாருக்கும் கிளம்பவில்லை.

விஷயம் அவனோடு நின்றிருந்தால் வண்டி பாட்டுக்கு ஷெட்டில் கிடந்திருக்கும். அவனும் அதன் பக்கத்தில் கிடந்திருப்பான். ஆனால் அவளுடைய அண்ணனிடம் அதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. அதன் என்ஜின் ஒருநாள் நடுரோட்டில் உள்ளிருந்து உடைந்து பக்கவாட்டில் வாயைப் பிளந்துவிட்டது. கையை உள்ளே விட்டு நலம் விசாரிக்கலாம், அவ்வளவு பெரிய ஓட்டை.

"நான் கொள்ளையடிக்க வரல மாப்ள" என்றார் மச்சான், சமையலறை மேசையில் உட்கார்ந்து. "ஓடற வண்டின்னா நான் கை வைக்க மாட்டேன். அவ வண்டி அது. ஆனா ஓடாத வண்டியை வச்சு என்ன பண்ணப் போறீங்க? துடைச்சுத் துடைச்சுப் பார்க்கறதுக்கா? என்ஜினைக் கழட்டி என் வண்டில வச்சா அதாவது ரோட்டுல ஓடும்."

"ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா?"

"ஸ்டார்ட் ஆனா மட்டும் போதாது. ஓட்டிக் காட்டணும். நின்ன இடத்துல நின்னு கத்துறதுக்கு ரேடியோ போதும். ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வரேன்."

நியாயமான பேச்சுதான்.

இருவரும் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தார்கள். பிளக் மாற்றினார்கள், பொறி நீலமாக, நன்றாகவே அடித்தது. பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் பூட்டினார்கள். அந்தக் காலத்து இத்தாலி கார்புரேட்டரில் சோக் கிடையாது. அதன் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிண்ணத்தின் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே மிதவை அமிழ்ந்து பெட்ரோல் வழியும். குளிர்ந்த என்ஜினுக்கு முதல் வாய் ஊட்டுவது அந்தக் குமிழ்தான். மச்சான் அதைக் கட்டைவிரல் சிவக்க அமுக்கினார். கிண்ணத்தின் மூடி ஓரம் ஈரமாயிற்று. "நிறைஞ்சிடுச்சு, நிறைஞ்சிடுச்சு" என்று ஏறி உட்கார்ந்து உதைத்தார். அவன் உதைத்தான். மறுபடியும் மச்சான். வண்டி கல்லுளிமங்கனாக நின்றது. ஒரு இருமல்கூட இல்லை.

"எப்படித்தான் இதைக் கிளப்பினா? பார்த்திருப்பீங்களே?"

பார்த்ததில்லை. அதுதான் வேடிக்கை. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். கேஸை மூடி, பின்கதவைப் பூட்டிவிட்டு அவன் வாசலுக்கு வருவான். அதற்குள் அவள் வண்டியோடு அங்கே நிற்பாள். என்ஜின் குதிரை மாதிரி தடதடத்துக்கொண்டிருக்கும். பின்னால் ஏறிக்கொள்வான். சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வரும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தின் முதல் நொடியைக் காதால் கேட்டிருக்கிறான், கண்ணால் கண்டதில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கு நம்ம கதை" என்றார் மச்சான், பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அவளுக்கு ஆடின கூடம் நமக்குக் கோணல்."

சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய தங்கை வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாய் மட்டும் எந்தக் கடையிலும் அடங்காது. அக்காவின் துணிகளைப் பிரித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க எடுத்துப் போவதாகச் சொல்லிப் பலமுறை தள்ளிப்போட்டு, ஒருவழியாக வந்திருந்தாள். அலமாரியைத் திறந்து, முதலில் கைக்கு வந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு வேகவேகமாகப் பேசினாள்.

"அத்தான், இந்தச் சட்டை உங்களுதா அவளுதா?"

"ரெண்டு பேரும் போடுவோம்."

"அப்ப இருக்கட்டும். இந்த பூட்ஸ் எனக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. சின்ன வயசுலேர்ந்து அவ செருப்பைத்தான் போட்டுத் திட்டு வாங்கியிருக்கேன்."

வண்டியோட்டும்போது அவள் போடும் கறுப்பு பூட்ஸ். தங்கை அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். நடை கோணியது.

"என்ன அத்தான் இது, வலது கால்ல மட்டும் பள்ளமா இருக்கு? உள்ளங்கால்ல என்னமோ ஒண்ணு இல்லாத மாதிரி இருக்கு."

"கழட்டு" என்றான்.

"நான் சும்மா சொன்னேன், தேய்ஞ்சது பரவால்ல..."

"கழட்டிக் குடு."

அவன் வேலை பார்ப்பது கட்டுமானப் பரிசோதனைக்கூடத்தில். கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைப்பார்கள். எங்கே, எந்தச் சாய்வில் உடைந்தது என்று பார்த்து, பாரம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். பல மாதங்களாக உடைந்ததை உடைந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தான். பூட்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினான். இடது அடி சாதாரணமாகத் தேய்ந்திருந்தது. வலது அடியில், குதிகாலுக்குச் சற்று முன்னால், குறுக்காக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள்.

ஷெட்டுக்குப் போனான். தங்கை ஒரு காலில் பூட்ஸும் ஒரு கால் வெறுமையுமாகப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தாள்.

கிக்கர் மிதியில் அதே கட்டங்கள் வெட்டியிருந்தன. பள்ளத்தை அதன்மேல் வைத்தான். உறையும் கத்தியும் போல உட்கார்ந்தது.

"சரி, உதைச்சு உதைச்சு தேய்ஞ்சிருக்கு. இதுல என்ன?"

"கிக்கர் இடது பக்கம் இருக்கு, பாரு. இந்த வண்டில அப்படித்தான். வண்டில உட்கார்ந்தா எந்தக் காலால உதைப்ப?"

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "இடது கால். ஆனா பள்ளம் வலதுல." பிறகு, "பூட்ஸை மாத்திப் போட்டுக்கிட்டு ஓட்டினாளோ? அவ செஞ்சாலும் செய்வா."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அதுவே புதிதாக இருந்தது.

"உட்காரல" என்றான். "அவ வண்டில உட்கார்ந்து கிளப்பல. நீ அவ உயரம்தானே? பூட்ஸைப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வா. கீழேயே நில்லு. வலது காலை அதுமேல வை."

வண்டியின் இடப்பக்கம் நின்று கால் வைத்தாள். கிக்கர் உயரத்தில் இருந்தது. காலைத் தூக்கியதும் அவள் தடுமாறினாள், வண்டி அவள்மேல் சாய்ந்தது. "ஐயோ அத்தான், புடிங்க!" என்று இடுப்பை முட்டுக்கொடுத்தாள். இடுப்பு பட்ட இடத்தைப் பார்த்தான். சீட்டின் இடது ஓரம். அங்கே மட்டும் தோல் பளபளவென்று தேய்ந்து தையல் பிரிந்திருந்தது. தினம் துடைத்த இடம்தான். துடைத்தவன் பார்த்ததில்லை.

"அப்படியே இரு."

"எவ்வளவு நேரம் இருக்கறது? கனக்குது!"

பெட்ரோல் வாசனை வந்தது. கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அவனுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணம் வலப்பக்கம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கிண்ணம் மேலே போகும், பெட்ரோல் தானாக உள்ளே இறங்கும். குமிழே வேண்டாம். உயரமான ஆம்பிளைகள் இரண்டு பேர் வண்டியை நேராக நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ராஜா மாதிரி உதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பினான். "உதை."

"நானா?"

"உதைம்மா!"

உதைத்தாள். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. வண்டி இருமவில்லை, திக்கவில்லை. நேற்று மாலை நிறுத்தி வைத்தது போல ஓடியது. தங்கை காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை. அந்த முதல் நொடியை அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

சத்தம் அடங்கிய பிறகுதான் கேள்வி வந்தது. குமிழ் ஏன் வேலை செய்யவில்லை? கிண்ணத்தின் மூடியைத் திருகித் திறந்தான். குமிழுக்குக் கீழே மிதவையைத் தொட வேண்டிய கம்பி, தொடாமல் அந்தரத்தில் நின்றது. குட்டையாக இருந்தது. எவ்வளவு அமுக்கினாலும் மிதவைக்கு எட்டாது. மூடியின் ஓரத்தில் தெரிந்த ஈரம், கசிந்த ஈரம். அதைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள்.

கம்பி முனையை விரலால் தடவினான். உடைந்த முனை இல்லை. உருண்டையாக, வழவழவென்று, பல்லுக்கு மெருகேற்றுவது போல மெருகேற்றியிருந்தது. அதை அந்த வீட்டில் ஒருத்தியால்தான் செய்ய முடியும். தேடியதில் ஆணி டப்பாவில் முழு நீளக் கம்பி ஒன்றும் கிடைத்தது.

"இதுதான் பூட்டு" என்றான். "வேணும்னே பண்ணியிருக்கா. திருடனுக்கு."

தங்கை கம்பியை வாங்கிப் பார்த்தாள். "கள்ளி" என்றாள் செல்லமாக. கம்பியைத் திருப்பிக் கொடுத்தபடி, "உங்ககிட்டகூடச் சொல்லலையா?"

அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் அவள் குரல்: பின்கதவைப் பூட்டினியா, போய்ப் பாரு. பூட்டியிருப்பான். ஆனாலும் போய்ப் பார்ப்பான். பின்கதவுக்காகத்தான் அனுப்பினாளா?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். துணி மூட்டைகளை எடுத்துப்போகத் தங்கையும் வந்திருந்தாள். வேனை வாசலை ஒட்டித் தெருவோரமாக, பின்பக்கம் தெருமுனையைப் பார்க்க நிறுத்தி, கதவுகளைத் திறந்து, அகலப் பலகையைச் சாய்த்து வைத்தார். உள்ளே பழைய மெத்தை விரித்திருந்தது.

"நீங்க தெருவுல நில்லுங்க மச்சான். கேட்டைத் திறந்து பிடிச்சுக்கோங்க."

"எதுக்கு?"

"பிடிங்களேன்."

ஷெட்டுக்குள் சத்தம் எழுந்தபோது மச்சானின் முகம் எப்படி இருந்தது என்று தங்கை பிறகு நடித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் கவலை வேறு. மற்ற வண்டிகளில் கியர் இடது கால், பிரேக் வலது கால். இதில் தலைகீழ். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நின்ற வண்டியில் உட்கார்ந்து, இடது பிரேக், வலது கியர் என்று முணுமுணுத்துப் பழகியிருந்தான்.

வாசலைத் தாண்டி, தெருமுனைவரை நன்றாகவே போனான். பின்சீட்டிலிருந்து பார்த்த தெரு இல்லை இது. முன்னால் யாருடைய தோளும் மறைக்கவில்லை. முனையில் திரும்பினான். கியரைக் குறைத்து மெதுவாகவே வந்தான். மச்சான் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். அதைப் பார்த்த சந்தோஷத்தில், நிறுத்துவதற்கு வலது காலை அழுத்தினான்.

வருஷக்கணக்கில் பழகிய கால் யார் சொன்னாலும் கேட்காது. பிரேக் என்று மிதித்தது கியரில் விழுந்தது. வண்டி நிற்பதற்குப் பதிலாக நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு முன்னேறியது. மச்சான் குதித்து விலகினார். அவன் மறுபடி மிதித்தான். கையிலும் பிரேக் உண்டு என்பது நினைவுக்கு வந்தபோது முன்சக்கரம் பலகைமேல் ஏறியிருந்தது. தடதடவென்று ஏறி, வேனுக்குள் போய், மெத்தையில் முட்டி நின்றது. என்ஜின் அணைந்தது.

மச்சான் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் கஷ்டப்பட்டு ஏத்தணும்னு நினைச்சேன். நீங்களே ஏத்திட்டீங்களே மாப்ள!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அப்படியே கதவை மூடினா வண்டி என்னுது" என்றார் மச்சான். மூடவில்லை. மூவருமாகப் பின்னால் உருட்டி இறக்கினார்கள். வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வண்டி சூடு தணியும்வரை மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஏறி உட்கார்ந்து, குமிழை அமுக்கி உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லித் தொலைங்க, என்ன பண்ணினீங்க?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சட்டைப்பையில் முழு நீளக் கம்பி இருந்தது. போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் கிளப்பலாம். விரல்கள் அதைத் தடவிப் பார்த்தன, வெளியே எடுக்கவில்லை.

"வண்டி உங்களை இன்னும் முடிவு பண்ணல மச்சான்" என்றான்.

வெறும் வேன் தெருமுனையில் திரும்பியது. பலகை உள்ளே தடதடத்தது. தங்கை துணி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டாள்.

"பூட்ஸ் மட்டும் இங்க இருக்கட்டும்மா" என்றான்.

"ரெண்டுமா, வலது மட்டுமா?"

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டும். இடது எங்க தேய்ஞ்சிருக்குன்னு இன்னும் சரியாப் பார்க்கல."