நூல் சுற்றிய பந்து

கலியாணசுந்தரத்தின் சட்டைப் பையில் எப்போதும் பிளேடுகளும் தீப்பெட்டியும் இருக்கும். காஞ்சிபுரத்தில் ஆதிகேசவன் பட்டுக்கடைக்கு நெசவுக்காரர்கள் கொண்டுவரும் சேலையைப் பார்த்து வாங்குகிறவர் அவர்தான். ஓரத்தில் ஓர் இழையை அறுத்துக் கொளுத்தி மோந்து பார்ப்பார். முடி கருகிய வாசனை வந்தால் சுத்தப் பட்டு. வராவிட்டால் சேலை திரும்பிப் போகும். அன்றோடு கடை நூல் கொடுப்பதை நிறுத்திவிடும், நெய்தவனுக்குத் தறி போச்சு. நூல் கட்டான சிட்டத்தையும் விடமாட்டார், நடுவில் அறுத்துப் பார்ப்பார். மேலே நல்ல நூல், உள்ளே கழிவு நூல் என்று சுற்றிக்கொண்டு வந்த தரகர்கள் எத்தனையோ பேர் அவரிடம் மாட்டியிருக்கிறார்கள்.

அறுபத்தொன்பதில் பட்டு நூலுக்குப் பஞ்சம். சர்க்கார் நூல் ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மெட்ராசில் இருந்தார். லஞ்சம் வாங்காதவர். ஆனால் கோல்ஃப் பைத்தியம்.

முதலாளி கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார்.

"ஒரு டஜன் பந்து வாங்கிக் கொடுத்துட்டு வாப்பா. விலையைப் பார்க்காதே, உசத்தியா இருக்கணும். ஒதுக்கீடு வந்துதுன்னா மெட்ராஸ்ல போடற கடைக்கு நீதான் மேனேஜர். வரலைன்னா நீ எனக்கு எதுக்கு?"

துணைக்கு மூட்டை கட்டும் ரஷீத் போனான். நாற்பது வயது. இளவயதில் கிண்டி கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கித் திரிந்தவன். அங்கேதான் முன்பல் ஒன்று போயிற்று.

"எந்தப் பந்துடா உன் பல்லை எடுத்துச்சு? உசத்தியா, மட்டமா?" பஸ்ஸில் கேட்டார் கலியாணசுந்தரம்.

"உசத்திதாண்ணே. மட்டம் அவ்ளோ தூரம் வராது."

மவுண்ட் ரோடு கடையில் இரண்டு தினுசு வைத்திருந்தார்கள். ஒன்று சீமைப் பந்து. இன்னொன்று அதில் பாதி விலைகூட இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெள்ளை, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. கலியாணசுந்தரம் வகைக்கு ஒன்று உதிரியாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதையில் குந்தி உட்கார்ந்து பிளேடை எடுத்தார்.

"ஐயோ, அறுக்காதேண்ணே," என்றான் ரஷீத்.

மலிவுப் பந்து லேசில் அறுபடவில்லை. இரண்டு பிளேடு போயிற்று. உள்ளே ஒரே கட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சரக்கு. சீமைப் பந்தின் மேல்தோல் விண்டதும் உள்ளேயிருந்து அழுக்கு நிறத்தில் ரப்பர் நூல் துள்ளிக்கொண்டு வந்தது. கஜக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது.

கலியாணசுந்தரம் சிரித்துவிட்டார். "பார்த்தியா, உள்ளே கழிவு நூல்! சீமையிலயும் இதே திருட்டுத்தான்."

"அண்ணே, அந்த நூல்தாண்ணே அதுக்கு உசிரு. அதை இறுக்கிச் சுத்தினாத்தான் பறக்கும். கட்டிப் பந்து புதுசாக் கத்துக்கறவன் அடிக்கிறது."

"பை தூக்கினவன் நீ. இருபது வருஷமா நூல் பார்க்கிறவன் நான். எனக்குச் சொல்லிக் கொடுக்கிறியா?"

மலிவில் ஒரு டஜன் வாங்கி அதிகாரி வீட்டில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் அதிகாரியே காரில் வந்து இறங்கினார், மனைவியோடு. வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் பந்துப் பெட்டியைக் கல்லா மேல் வைத்து, ஒன்றை எடுத்துத் தரையில் போட்டார். டொக்கென்று விழுந்து கொஞ்சதூரம் உருண்டு நின்றது.

"இதை அடிச்சா கை மரத்துப் போகுது. கூட ஆடினவங்கல்லாம் சிரிச்சாங்க. என் தகுதி இவ்வளவுதான்னு நினைச்சீங்க, இல்ல?" குரலை உயர்த்தவே இல்லை. "இந்த வருஷ ஒதுக்கீட்டுல உங்க பேர் இருக்காது."

அவர் மனைவி அதற்குள் இரண்டு சேலைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். முதலாளி கைகூப்பிக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

கார் போனது. முதலாளி திரும்பினார். "யார் பொறுக்கினது?"

"ரஷீத்துதான் முதலாளி," என்றார் கலியாணசுந்தரம். வாய் தானாகச் சொன்னது. "கிண்டியில இருந்தவனாச்சேன்னு நம்பிட்டேன்."

மூட்டைக்குப் போட்ட முடிச்சை ரஷீத் பாதியில் விட்டான். "அண்ணே… நான் அப்படியாண்ணே சொன்னேன்? சொல்லுண்ணே."

கலியாணசுந்தரம் தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துண்டை எடுத்துக்கினு கிளம்பு," என்றார் முதலாளி. ரஷீத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு போய்விட்டான்.

அவன் தெருமுனை தாண்டும்வரை முதலாளி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவன் பொறுக்கலை. அடுத்தவன் சொல்லி நீ எதையாச்சும் வாங்கியிருக்கியா?"

கலியாணசுந்தரம் தீப்பெட்டியை மூடினார். "அப்புறம் ஏன் முதலாளி அவனை…"

"மூட்டை கட்ட ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். முகம் மாறாம பொய் சொல்ல ஒருத்தன் கிடைக்கிறது கஷ்டம்பா. நூல் வராது. இருபது தறியை நிறுத்தியாகணும். நூல் இல்லைன்னு சொன்னா நெசவாளர் சங்கத்துக்காரன் கொடியோட வந்து நிப்பான். நெய்தவன் மேல குத்தம்னா எவனும் வரமாட்டான். மெட்ராஸ் கடையை மறந்துடு. இங்கயே உட்காரு. இன்னிக்கே ஆரம்பி."

வாசலில் தேவகி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரி. புருஷனும் அவளுமாகப் பதினெட்டு நாள் நெய்த சேலை அவள் கையில் இருந்தது. கலியாணசுந்தரம் வாங்கிப் பிரித்தார். அரக்கு நிற உடம்பு, மஞ்சள் கரை. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. ஓர் இழையை அறுத்துக் கொளுத்தினார். முடி கருகிய வாசனை குப்பென்று ஏறியது. சாம்பல் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

முதலாளி விசிறிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கழிவு நூல் கலந்திருக்குதும்மா," என்றார் கலியாணசுந்தரம்.

"நீங்க கொடுத்த நூல்தானே சார்? இதோ, எனக்கே வாசனை வருதே. இன்னொரு தடவை மோந்து பாருங்களேன்."

"தேவையில்ல. தொட்டாலே தெரிஞ்சுடும் எனக்கு," என்று சேலையை மடித்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.