கம்பத்தைத் தாண்டிய குதிரை

“நீ குதிரையப் பாத்தியா, படகப் பாத்தியா?”

படுக்கையில் கிடந்தபடியே ஈனாக் கேட்டான். அவன் மனைவி கெசியா வாளித் தண்ணீரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஏறிய ரத்தம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மதகின் கல்வரம்பில், நங்கூரம் விடுதியிலிருந்து ஓடிவந்த ஆட்கள் ஒரு பிணத்தைக் கதவுப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவனை மதகுக் கதவின் நீளமான தள்ளுமரத்தில் கட்டிவைத்து, மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உன்னத்தான் கேக்கறேன். குதிரையா, படகா?”

“குதிரைய.”

ஈனாக் கண்ணை மூடிக்கொண்டான். வெளியே உதை விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆல்டர்கோட் ஊருக்கு அடிதடி புதிதல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கால்வாய் வெட்ட வந்தவர்களை மேட்டுத்தெருக்காரர்கள் கல்லெறிந்து வரவேற்றார்கள். வெட்ட வந்தவர்கள் பதிலுக்கு அரவை ஆலையைக் கொளுத்தினார்கள். கரை சரிந்து மண்ணுக்குள் போன ஏழு பேரைத் தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம், வெயில் படாத இடத்தில் புதைத்தார்கள். அதன் பிறகு தண்ணீர் வந்தது. தண்ணீரோடு நிலக்கரி வந்தது, சுண்ணாம்புச் சூளை வந்தது, நங்கூரம் விடுதி வந்தது, கரையோரம் ஒரு வரிசைச் செங்கல் வீடுகள் வந்தன. மேட்டுத்தெருவும் கரைத்தெருவும் ஒரே ஊர் என்று காகிதத்தில்தான் இருந்தது. இரண்டு தெருவும் சேர்ந்து வெறுத்தது படகுக்காரர்களை மட்டும்தான்.

மதகு என்பது மேலும் கீழும் கதவு வைத்த கல்தொட்டி; தண்ணீரை நிரப்பியும் வடித்தும் ஒரு நேரத்தில் ஒரு படகைத்தான் ஏற்றும், ஒரு படகைத்தான் இறக்கும். எதிரும் புதிருமாக இரண்டு படகுகள் வந்துவிட்டால் யாருக்கு முறை என்று தீர்க்க, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நூறு கஜ தூரத்தில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். தன் பக்கத்துக் கம்பத்தை யார் முதலில் தாண்டுகிறாரோ அவருக்கு மதகு. மதகுக்காரர் நடுவில் நின்று பார்த்துக் கை காட்டுவார். அந்தக் கைதான் தீர்ப்பு.

ஆரம்பத்திலிருந்தே குதிரையின் தலையைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துச் சில படகுக்காரர்கள் இழுவைக் கயிற்றை நீட்டிக்கொண்டே போனார்கள். படகு எங்கோ பின்னால் வளைவில் கிடக்கும். குதிரை மட்டும் கம்பத்தைத் தாண்டி நிற்கும். போன அறுவடைக்குப் பிறகு கால்வாய்க் கம்பெனி விதியை மாற்றியது. இனிமேல் படகின் மூக்கு. மதகு வீட்டுச் சுவரில் பலகை அடித்தார்கள். அடித்தவன் போன பிறகு ஈனாக் அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டான். கெசியாதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ஈனாக் அதற்கு முந்தின குளிர்காலத்தில் பனிக்கட்டி உடைக்கும் படகிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்தான். மதகுவேலை அவன் பெயரில் இருந்தது. செய்தது கெசியா. “பொம்பள கைய நம்பி எத்தன நாளைக்கு விடறது?” என்று கம்பெனி மேற்பார்வையாளர் கிறிஸ்துமஸுக்கு முன்பே கேட்டுவிட்டிருந்தார். ஒரு பிசகு வந்தால் கம்பெனி கொடுத்த மதகு வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். காலி செய்தால் போக இருக்கும் ஒரே இடம் ஏழைகள் விடுதி. அங்கே ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம். அவனைத் திருப்பிப் படுக்க வைக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். முதுகுப் புண்ணிலேயே ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான்.

இதெல்லாம் தெரிந்தும் அன்று காலை அவள் குதிரையைப் பார்த்தாள்.

ஐந்து வாரம் கால்வாய் உறைந்து கிடந்தது. படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. படகுக்காரர்கள் முதலில் குதிரைக்கு வைத்திருந்த ஓட்ஸைக் கஞ்சி காய்ச்சினார்கள், பிறகு அண்டை வயல்களில் டர்னிப் கிழங்கு திருடினார்கள். பனி உடைந்த அன்று எல்லோருக்கும் ஒரே வெறி. மேலேயோ கீழேயோ, யார் முதலில் தங்கள் சரக்குத்துறைக்குப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த சரக்கு.

மேலிருந்து சவுக்குச் சத்தம் கேட்டது. கீழிருந்தும் கேட்டது. ஐந்து வாரமாகக் கேட்காத சத்தம். கெசியா தள்ளுமரத்தின் மேல் ஏறி நின்றாள். மேலே சைலஸ் ரட்டின் கறுப்புக் குதிரை வாயில் நுரை வழியக் கம்பத்தைத் தாண்டியது. கீழே ஜேபஸ் ட்ரான்ட்டரின் கிழட்டுக் குதிரை இன்னும் நாலைந்து அடி வைக்க வேண்டியிருந்தது. பதினொரு ஆண்டுகள் ஈனாக்கின் பக்கத்தில் நின்று குதிரைத் தலையையே பார்த்த கண் அது. இடது கை தானாகவே மேல்பக்கம் எழும்பிவிட்டது.

கையை இறக்குவதற்குள் ஜேபஸின் படகின் மூக்கு கம்பத்தைத் தாண்டியது. அவன் கயிறு குட்டை. சைலஸின் படகு அப்போதும் கம்பத்துக்கு வெகு பின்னால் இருந்தது.

அவள் அந்தக் கையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். சைலஸ் அதற்குள் “கும்பிடறேன் மகராசி!” என்று தொப்பியைத் தூக்கி ஆட்டியபடி ஓடிவந்துகொண்டிருந்தான். இரண்டு பேரின் முன்னால் ‘தப்பாகக் காட்டிவிட்டேன்’ என்று சொன்னால் அது சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளர் காதுக்குப் போய்விடும். அவள் மேல்கதவைத் திறந்துவிட்டாள்.

ஜேபஸ் கரையேறி வந்தான். ஐம்பது வயது, எலும்பும் தோலுமாக இருந்தான். கையில் விறகு பிளக்கும் கோடரி.

“மூக்குதாம்மா கணக்கு! போர்டுல போட்டிருக்குன்னு கம்பெனி கிளார்க் படிச்சுச் சொன்னான். நீயே சொல்லு, என் மூக்கு தாண்டிச்சா இல்லையா?”

கெசியா தள்ளுமரத்தைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தாள்.

“உன் மூக்கு தாண்டியிருக்கும்டா, அவ்ளோ நீளம்,” என்றான் சைலஸ். அவன் படகின் பின்கயிற்றைக் கரையிலிருந்த கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து டன் நிலக்கரியோடு படகு மதகுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் அவன் மனைவி சப்ரா சுக்கானைப் பிடித்திருந்தாள். “போ, போய் உன் கெழட்டுக் கழுதைக்குக் கஞ்சி ஊத்து. இல்லன்னா அதையே கஞ்சி வெச்சுக் குடி.”

“என் பிள்ள செத்துடுச்சுடா போன வாரம்,” என்றான் ஜேபஸ். “பனியில. இன்னும் ரெண்டு இருக்கு. தள்ளு.”

“எல்லார் வீட்லயும்தான் சாவுது.”

ஜேபஸ் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். சைலஸ் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே, இடுப்பில் செருகியிருந்த திருகுப்பிடியை உருவினான். மதகுக் கதவில் தண்ணீர் விடும் பலகையைத் தூக்குவதற்கான வளைந்த இரும்பு அது. எல்லாப் படகுக்காரர்களின் இடுப்பிலும் இருக்கும். அதை வீசி ஜேபஸின் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தம் கெசியாவுக்குக் கேட்டது. ஜேபஸ் குனிந்து, ரத்தத்தோடு எதையோ துப்பி, நிமிர்ந்தான். அடுத்த அடி காதுக்கு மேல் விழுந்தது. அவன் முட்டி போட்டுவிட்டான். முட்டி போட்டபடியே கோடரியை ஓங்கி, கட்டையில் சுற்றியிருந்த கயிற்றின் மேல் இறக்கினான்.

கயிறு துண்டானது. படகு விடுபட்டுப் பாய்ந்தது. சைலஸ் அதன் பின்னால் மதகின் ஓரமாகக் கீழ்க்கதவுவரை ஓடினான். அறுந்த கயிறு கல்லில் இழுபட்டுக்கொண்டு போனது. கையில் அகப்பட்டால் அடுத்த கட்டையில் சுற்றிவிடலாம். குனிந்து பிடித்தும்விட்டான். ஜேபஸ் பின்னாலேயே வந்து கோடரிக் காம்பால் அவன் முதுகில் குத்தினான். சைலஸ் மதகுக்குள், படகின் மூக்குக்கு முன்னால் விழுந்தான்.

நீந்தக்கூடியவன்தான். இரண்டு முறை கை வீசினான். கீழ்க்கதவின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்து மேலே ஏறப் பார்த்தான்.

“நிறுத்துங்க! யாராச்சும் நிறுத்துங்க!” என்று சப்ரா கத்தினாள். அவள் கையில் இருந்தது சுக்கான் மட்டும்தான். சுக்கானால் படகைத் திருப்ப முடியும், நிறுத்த முடியாது. இருபத்தைந்து டன்னையும் அவள் கண் முன்னாலேயே அந்தப் படகு அவனுடைய நெஞ்சின் மேல் கொண்டுபோய் வைத்தது. கதவு அதிர்ந்தது. படகு கொஞ்சம் பின்வாங்கி, இன்னொரு முறை மெதுவாக முட்டியது.

கெசியாதான் கொக்கிக்கழியால் அவனை இழுத்தாள். கரையில் தூக்கிப் போடும்போது அவளுடைய கை அவன் நொறுங்கிய விலாவுக்குள் போயிற்று.

இரண்டு நாள் கழித்து நங்கூரம் விடுதியில் விசாரணை நடந்தது. மரண விசாரணை அதிகாரி மாவட்டத் தலைநகரத்திலிருந்து வந்திருந்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஊர்க்காரர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, நடு மேசையில் படுதா போர்த்திக் கிடந்த சைலஸைப் பார்த்தும் பார்க்காமலும் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாளே ஈனாக் சொல்லிவிட்டான்: “சைலஸ் முறைதான்னு சொல்லு. ஒரே வரி. யாருக்குத் தெரியப்போவுது? ரெண்டு கம்பமும் தெரியறது உன் எடத்துலேர்ந்து மட்டுந்தான்.”

“அப்படிச் சொன்னா ஜேபஸத் தூக்குல போடுவாங்க.”

“போடட்டும். நான் செத்தா பரவால்லையா உனக்கு?”

அவள் அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, புண்ணைத் துடைத்துவிட்டு வெளியே வந்திருந்தாள்.

ஜேபஸின் கைகளைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அவன் பேச முயன்றபோது உடைந்த தாடையிலிருந்து எச்சில்தான் வந்தது. பெஞ்சிலிருந்த சூளைக்காரன் அதைப் போலவே வாயைக் கோணிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் ஜேபஸின் மனைவி ஹெஸ்டர் இரண்டு குழந்தைகளைப் பாவாடைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சப்ரா எழுந்து, “என் வீட்டுக்காரர் முறை. மதகுக்காரம்மா கை காட்டிச்சு. நான் பாத்தேன். இவன் வந்து கயித்த வெட்டிட்டான். அவ்ளோதான் ஐயா. தூக்குல போடுங்க,” என்றாள்.

அதிகாரி கெசியாவைக் கூப்பிட்டார். “இறந்தவனுக்குத்தான் முறை, அப்படித்தானே அம்மா? அவனுக்கு உரிமை இருந்தது என்றால் இது கொலை. இல்லாத உரிமையை எடுத்துக்கொண்டு, முதல் அடியும் அவனே அடித்தான் என்றால் விஷயம் வேறு.”

கம்பெனி மேற்பார்வையாளர் நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றார். கெசியா அவரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். படுதாவுக்கு வெளியே சைலஸின் ஒரு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதன் மேல் பீர்க்குவளையை வைத்திருந்தார்கள்.

“இல்லைங்க,” என்றாள். “ஜேபஸ் முறை. மூக்கப் பாத்திருக்கணும். நான் குதிரையப் பாத்துட்டேன்.”

“என்ன குதிரை?” என்றார் அதிகாரி.

அவருக்குப் புரிய வைக்க நேரம் பிடித்தது. மேற்பார்வையாளருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. குளிர்காய்வதை நிறுத்திவிட்டார்.

“தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“அப்பவேங்க. கை கீழ எறங்கறதுக்கு முன்னாடி.”

“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?” என்றார் அதிகாரி.

“வீடு போயிடும்னு பயந்துட்டேன்.”

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. சப்ரா மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். அதுவரை அவள் ஜேபஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கொலை அல்ல, ஆத்திரத்தில் நேர்ந்த சாவு என்று எழுதினார்கள். ஜேபஸைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள், கழுத்து மிச்சம். ஹெஸ்டர் கெசியாவின் பக்கத்தில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். அதற்குள் மேற்பார்வையாளர் குறுக்கே வந்து நின்றார்.

“சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும். அவனத் தூக்கிட்டுப் போக வண்டி வேணும்னா நீங்களே பாத்துக்கங்க.”

“படுத்த படுக்கையா இருக்காருங்க.”

“அப்போ படுக்கையோட தூக்கிட்டுப் போங்க.”

ஈனாக்கிடம் அவள் சொன்னபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்தது. பிறகு அழுதான். அவள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவனைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் மதகுக்கு வந்தாள். சனிக்கிழமைவரை அவள்தான் மதகுக்காரி. சைலஸின் படகு இன்னும் மதகுக்குள்ளேயே நின்றது. நிலக்கரியின் மேல் புதுப் பலகையில் அடித்த ஒரு சவப்பெட்டி இருந்தது. கறுப்புக் குதிரையைக் கரையில் கட்டிவிட்டு சப்ரா சுக்கானருகே நின்றிருந்தாள்.

கெசியா மேல்கதவை மூடினாள். கீழ்ப்பலகையைத் தூக்கத் திருகுப்பிடியோடு கீழ்க்கதவுக்குப் போனாள். இடது கையைத் தள்ளுமரத்தில் ஊன்றி, பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டப் போனபோது சப்ரா கரையேறி வந்தாள்.

“நான் திருகறேன். நீ படகுலயே இரு,” என்றாள் கெசியா.

சப்ரா கையை நீட்டினாள். கெசியா பிடியைக் கொடுத்தாள். அதன் எடையை ஒரு முறை பார்த்துவிட்டு, சப்ரா அதை ஓங்கி, மரத்தின் மேல் இருந்த, அன்று முறை காட்டிய கையில் இறக்கினாள். கெசியா அலறினாள். கையை இழுப்பதற்குள் இன்னொரு அடி அதே இடத்தில் விழுந்தது. மூன்று விரல்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். மூன்றாவது அடிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள். அது விழவில்லை.

சப்ரா பிடியைச் சக்கரத்தில் மாட்டித் திருகினாள். பலகை எழுந்தது. தண்ணீர் இரைச்சலோடு வெளியேற, படகு சவப்பெட்டியோடு இருண்ட சுவர்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மட்டம் சமமானதும் முதுகை மரத்தில் கொடுத்துத் தள்ளிக் கதவைத் திறந்தாள். பிடியைக் கெசியாவின் காலடியில் வைத்தாள். இழுவைக் கயிற்றைக் குதிரையில் மாட்டினாள், ஏணியில் இறங்கிச் சுக்கானைப் பிடித்தாள், நாக்கைச் சொடுக்கிக் குதிரையை நடக்கவிட்டாள். படகு வெளியே போயிற்று. கீழ்க்கம்பத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது.