இரண்டாவது மோட்டார்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கத்தி செய்யும் பைத்தியம் பிடித்திருந்தது. அரத்தால் ராவி ராவித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். உப்புத்தாள் பட்டை சுழன்று இரும்பைத் தேய்க்கும் பெல்ட் கிரைண்டர் வாங்கலாம் என்று கடையில் விசாரித்தவன், விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினான். பழைய வாஷிங் மெஷின் மோட்டார், பலகையில் ஒரு சட்டம், மூன்று சக்கரங்கள், இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் என்று தானே பூட்டினான். உப்புத்தாள் பெல்ட் ஓடத் தொடங்கியதும் நழுவி விழும். மேல் சக்கரத்தைக் கொஞ்சம் சாய்ப்பான், மறுபடியும் விழும். ஒரு விடுமுறை நாளில் அது நடுவிலேயே நின்று சீராக ஓடியபோது, குழந்தை முதல் அடி வைத்துவிட்டது போல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அங்கேதான் வினை.

அவள் வீட்டில் துணி தைப்பவள். ஓரமாகக் கிடந்த இரும்புத் துண்டை எடுத்து, தானும் தேய்த்துப் பார்க்கட்டுமா என்றாள். அவனும் பெரிய மனசோடு, பொறி படாமலிருக்கத் தன் பாதுகாப்புக் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டான். ஊசிக்கடியில் துணியை நகர்த்தும் அதே நிதானத்தில் இரும்பை இழுத்தாள். கூர் வரவேண்டிய வாய்ப் பக்கச் சரிவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழுந்தது. அவனுடைய கத்திகளிலோ அது ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும்.

அவள் அண்ணன் வந்திருந்தபோது அவன் செய்தது, அவள் அந்தத் துண்டில் செய்தது என இரண்டு கத்திகளையும் கையில் வாங்கிப் பார்த்தார். அவளுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கை தேறிடுச்சு மாப்பிள்ளை” என்றார். அது தன் வேலை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவனுக்கு. அவர் கிளம்பியதும் பெல்ட்டைக் கழற்றி அவள் கண்ணில் படாமல் அலமாரி மேல் போட்டுவிட்டு, மோட்டார் சூடாகிறது, கொஞ்ச நாள் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

தைத்த துணியைக் கொடுக்க அவள் வெளியே போகும் நேரமாகப் பார்த்துத் தனியாக ஓட்டினான். தேய்த்ததெல்லாம் கோணல். ஒரு நாள் அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பெல்ட்டு அலமாரி மேல இருந்தது எனக்குத் தெரியும்” என்றாள்.

அவன் மோட்டாரை நிறுத்தினான். “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“ராப்பகலா உக்காந்து நீங்க செஞ்சது. முதல்ல நீங்க ஒரு நல்ல கத்தி போட்டுடணும்னு இருந்துச்சு.”

திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பான். கடைசியில், கையை எப்படித்தான் வைக்கிறாள் என்று கேட்டுவிட்டான்.

“கைல ஒண்ணுமில்லங்க. முழங்கைய விலாவோட ஒட்டி வச்சிட்டு, உடம்போட நகரணும்.”

அப்படிச் செய்தபோது சரிவு கொஞ்சம் நேராக வந்தது. அவளுடையது அளவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு மோட்டார் தேடிப் பிடித்தான். அவள் உயரத்துக்குச் சட்டத்தைத் தாழ்த்தி இரண்டாவது இயந்திரம் பூட்டினான். புது மோட்டார் நல்ல வேகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தான். பிறகு அதைத் தன் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு, பழையதை அவளுக்குக் கொடுத்தான்.

அவளுக்கு அதுவும் தெரிந்தது. பழைய மோட்டாரிலேயே ஒரு காய்கறிக் கத்தி செய்தாள். அதைப் பார்த்துவிட்டு அவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் அந்தக் கத்தியால்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.